முகூர்த்தத்திற்கு முன் எடை குறைப்பு ஊசி: அறிய வேண்டியவை

திருமணத்திற்கு முன் மூன்று மாதம் மட்டும் எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்னும் கேள்வியை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளிலிருந்து வருவோர் இப்போது எழுப்புகின்றனர். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன.

உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன், வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்துகிறது. இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. இயற்கை ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதே பணியை ஒரு வாரம் செய்யுமாறு அமைக்கப்பட்டவை இம்மருந்துகள். மருந்து உடலில் உள்ளவரையே பசி அடங்கும்.

வீகோவியில் உள்ள செமாகுளுடைடு, வாந்தியைத் தவிர்க்க 0.25 மி.கி. அளவில் தொடங்கி மாதந்தோறும் உயர்த்தப்படுகிறது. முழு அளவை எட்டவே 16 வாரங்கள் ஆகும். மூன்று மாதக் கணக்கு இங்கேயே பொய்த்துவிடுகிறது. ஆய்வொன்றில் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. கொழுப்புடன் தசையும் கரைவதால் பருப்பு, முட்டை, தயிர் ஆகியவற்றைக் குறைக்கலாகாது.

பசியடக்கி மருந்துகளின் பழைய வரலாறும் நினைவிற்குரியது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் சிபுட்ரமின் 2011இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. புதிய மருந்துகள் வேறு வகையின. எனினும் கணைய அழற்சி கண்டவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும். மருந்துச் சீட்டின்றி வாங்குவோரிடம் இவ்வினாக்களை எவரும் கேட்பதில்லை.

மணப்பெண்களுக்கு மேலும் ஒன்று: கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே செமாகுளுடைடை நிறுத்த வேண்டும்.