அன்னமிடும் கைகளின் ஸ்தானம்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறிடுவது சர்க்காரின் கடமைதானா என்ற விவாதம் நம் தேசத்தில் தீர்ந்துபோன விவாதமாகும். அதைத் தீர்த்து வைத்ததில் தமிழ்நாட்டுக்குள்ள பங்கு சிறிதன்று. 1920-ஆம் வருஷத்தில், பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தனது பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் துவக்கினார். 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் துவக்கினார். 2022 செப்டம்பரில் ஸ்டாலின் சர்க்கார் காலை உணவையும் அதனுடன் சேர்த்தது. சமைத்த உணவை எல்லா மாகாணங்களும் அளித்தே தீரவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2001 நவம்பர் 28-ந் தேதி உத்தரவிட்டது. 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிள்ளையின் உரிமையாகவே ஆக்கிவிட்டது. பிள்ளையின் வழக்கு ஜெயித்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் அந்தச் சோற்றைப் பொங்கிப் போடும் ஸ்திரீகளின் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இதைப் பற்றியே இன்று நாம் எழுதத் துணிகிறோம். உணவைத் தர்மமென்ற நிலையினின்று உரிமையென்ற நிலைக்கு உயர்த்திய நாம், உணவு சமைக்கும் உத்தியோகத்தை இன்னமும் தர்மமாகவே வைத்திருக்கிறோம். இது முரண்பாடு மாத்திரமன்று. பிள்ளைகளின் உயிருக்கே அபாயமான முரண்பாடுமாகும்.

1982-ல் சத்துணவு மையங்களுக்கு ஆட்களை நியமித்தபோது, விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை அளித்தார்கள். அந்த எண்ணம் போற்றத்தக்கது. எத்தனையோ குடும்பங்களில் அடுப்பெரிந்தது அதனால்தான். ஆயினும், வேலைக்கு வருபவரின் வறுமையை நியமனத்துக்குத் தகுதியாகக் கொண்ட சர்க்கார், நியமனத்துக்குப் பிறகும் அவ்வறுமையையே சம்பளத்துக்கு அளவுகோலாகக் கொண்டதை எவ்வாறு போற்றுவது? உதவி பெறுபவர் என்ற பட்டம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், தொழிலாளி என்ற பட்டம் எளிதில் வருவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் திட்டத்தில் சமையலாளருக்கு மாதம் 1,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் 10 மாதங்களுக்கு மட்டும் என்று 2009-ல் நிர்ணயித்தார்கள். பதினைந்து வருஷங்களுக்கு மேலாகியும் அந்தத் தொகை அசையவில்லை. 200 நாள் சமைத்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய்! தேசமெங்கும் சுமார் 25 லக்ஷம் பேர் இவ்வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சில மாகாணங்கள் தம் பொக்கிஷத்திலிருந்து மேற்கொண்டு கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்ற மூன்று தரத்தாருக்கும் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. இந்த அளவில் நம் மாகாணம் முன்னிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் ஸ்தானங்களை நிரப்ப உத்தரவிட்டபோது முதல் வருஷத்துக்கு நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய்தான். முன்னிற்பவரின் நிலையே இதுவானால், பின்னிற்பவரைப் பற்றி என்ன சொல்வது!

"இது சம்பளமன்று, மதிப்பூதியம். வேலையும் பகுதி நேர வேலையே" என்று உத்தியோகஸ்தர்கள் பதில் சொல்வார்கள். பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடாது என்பது சட்டத்தின் பாலபாடம். அரிசி களைந்து, காய் நறுக்கி, உலையேற்றி, முட்டை அவித்து, பந்தி பரிமாறி, பாத்திரம் துலக்கிக் கதவைப் பூட்டுவதற்குள் ஒரு பெண்ணின் பகற்பொழுது கழிந்துவிடுகிறது. மீதிப் பொழுதில் அவருக்கு வேறு கூலி கொடுப்பவர் யார்? குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து தடுக்கும் பலவந்த உழைப்பேயாகும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1982-ல் தீர்ப்பளித்தது. நம் சத்துணவுத் திட்டம் பிறந்த அதே வருஷம் அது! அந்நெறியைப் பின்பற்றி, மாதம் 1,000 ரூபாய்க்குச் சமைக்க வைப்பது அதே குற்றத்தின் பாற்படுமென்று அலகாபாத் ஹைகோர்ட்டு 2020 டிசம்பரில் சொல்லிற்று. சட்டம் வாய்திறந்து பேசிவிட்டது. பொக்கிஷந்தான் இன்னும் காது கொடுக்கவில்லை.

கூலியோடு இவ்விஷயம் முடிந்துவிடவில்லை. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கட்டில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. ஒன்பது வருஷங்கள் கழித்து, 2013-ல் அதே ஜூலை 16-ந் தேதி, பீகாரில் சரண் ஜில்லாவைச் சேர்ந்த கண்டாமன் கிராமத்துப் பள்ளியில், பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். எண்ணெய் வழக்கம்போல் இல்லை என்று சமைத்த பெண் சொன்னதாகவும், அதைப் பொருட்படுத்தாமல் சமைக்கும்படி கட்டளை பிறந்ததாகவும் அப்பொழுது பத்திரிகைகள் வெளியிட்டன.

இவ்விரு துயரங்களும் நமக்குப் புகட்டும் பாடம் என்ன? கும்பகோண வழக்கில் 2014-ல் விசாரணைக் கோர்ட்டு தண்டித்தவர்களில் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் இருந்தனர். ஆபத்து வந்தால் பொறுப்பு அடுப்படிக்கு வருகிறது. ஆனால் "இந்தக் கூரையின் கீழ் அடுப்பு மூட்டமாட்டேன்", "இந்த எண்ணெயைச் சட்டியில் ஊற்றமாட்டேன்" என்று சொல்லும் அதிகாரம் அடுப்படிக்கு உண்டா? ஐம்பது ரூபாய்க் கூலிக்காரியின் வார்த்தையை எந்தத் தலைமை ஆசிரியர் மதிப்பார்? பயிற்சியும் பதவியும் பெற்ற ஒருவர் சொல்லியிருந்தால் அந்த வார்த்தைக்குக் கனம் இருந்திருக்கும். சமைப்பவரின் அந்தஸ்தும் பிள்ளையின் பத்திரமும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

ஜாதிக் கொடுமைக்கும் இதே மருந்துதான். சமையலாளர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு முன்னுரிமை தரவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2004 ஏப்ரலில் கூறியது. அவ்வாறிருந்தும், 2018-ல் திருப்பூர் ஜில்லா அவிநாசிக்கு அருகே தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சமையலர் ஒருவரைச் சிலர் எதிர்த்ததும், அதிகாரிகள் எதிர்த்தவர்களைத் தடுக்காமல் அவரையே இடம் மாற்றினார்கள். கிளர்ச்சி நடந்த பிறகே அந்த உத்தரவு ரத்தாயிற்று. ஒரு தாசில்தாரையோ ஆசிரியரையோ இப்படி ஒரே நாளில் விரட்டத் துணிவார்களா?

அயல்நாடுகள் இத்தொழிலை எவ்வாறு நடத்துகின்றன? ஜப்பான் 1954-லேயே பள்ளி உணவுக்கென்று சட்டம் செய்தது. 2005-ல் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பதவியையே ஏற்படுத்திற்று. அவர் பள்ளி உணவை வகுப்பதோடு நில்லாமல், உணவைப் பற்றி வகுப்பறையில் பாடமும் நடத்துகிறார். அமெரிக்காவில் 2015 ஜூலை முதல், பள்ளி உணவு இலாகாவின் தலைவர்கள் தொடங்கிச் சமையற்கூட ஊழியர் வரை ஒவ்வொருவரும் வருஷந்தோறும் குறித்த மணி நேரம் பயிற்சி பெறவேண்டுமென்பது விதி.

நம்மிடம் இந்த அறிவுக்குப் பஞ்சமில்லை. இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி 1918-ல் பிறந்ததே நம் குன்னூரில்தான்; பின்னர் ஹைதராபாத் சென்று தேசிய ஸ்தாபனமாக வளர்ந்தது. கோயமுத்தூர் அவினாசிலிங்கம் கல்லூரி போன்றவை மனையியலும் ஊட்டச்சத்தும் கற்ற பெண்களை வருஷந்தோறும் அனுப்புகின்றன. அவர்களுக்குச் சத்துணவு மையத்தில் இடமில்லை. மையத்துக்கு மேலேயும், ஒன்றியத்தில் துணை வட்டார வளர்ச்சி அதிகாரி, ஜில்லாவில் கலெக்டரின் நேர்முக உதவியாளர் என்று பொது நிர்வாகத்தினின்று வருபவர்களே மேற்பார்க்கிறார்கள். மூட்டைக் கணக்குச் சரிபார்க்க அவர்கள் போதும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் தட்டில் விழுகின்றனவா என்று பார்க்க அவர்கள் போதுமா?

ஆகவே நாம் கோருவது ஐந்து. மதிப்பூதியம் என்ற பெயர் ஒழிந்து, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளம் வரவேண்டும். வேலையில் சேருமுன் பயிற்சியும், பிறகு வருஷந்தோறும் பயிற்சியும் வேண்டும். சமையல் உதவியாளராக நுழைந்தவர் கற்றுத் தேறி அமைப்பாளராகவும் அதற்கு மேலும் உயர வழி வேண்டும். ஒன்றியத்துக்கு ஒருவராவது ஊட்டச்சத்துப் பட்டம் பெற்றவர் இருத்தல் வேண்டும். கெட்ட பண்டத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எழுத்து மூலமாக அடுப்படிக்கு வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவதென்று கேட்பார்கள். 1925-ல் சென்னை நகரசபையின் சிற்றுண்டித் திட்டத்தை நிறுத்திய அன்னிய சர்க்காரும் செலவுக் கணக்கைத்தான் காட்டியது. அந்தக் கணக்கு தவறென்று நூறு வருஷம் நிரூபித்துவிட்டது. தேர்தல் மேடையில் பிள்ளைகளுக்கு இட்ட சோற்றைப் பற்றிப் பெருமை பேசாத கட்சி இம்மாகாணத்தில் ஒன்றேனும் உண்டா? அந்தப் பெருமையில் சமைத்தவருக்குரிய பங்கைக் கேட்பது யாசகமாகாது.

தொண்டர்களே! அடுத்த கிராம சபைக்குப் போகுமுன் உங்கள் ஊர்ப் பள்ளியின் சமையற்கட்டில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். கூரை எத்தகையது, எண்ணெய் எங்கிருந்து வருகிறது, சமைப்பவர் கைக்கு மாதக் கடைசியில் வருவது எவ்வளவு என்று கேளுங்கள். கேட்டதைச் சபையில் எழுந்து நின்று சொல்லித் தீர்மானமாக்குங்கள். அன்னமிடும் கை தாழ்ந்திருக்கும்வரை, உண்ணும் பிள்ளை பத்திரமாக இருக்கிறதென்று நாம் நிம்மதியாக உறங்க முடியாது.