அந்த வீடு எங்கே இருக்கிறது?



தை மாதத்தில் ஒரு நாள் காலை, பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் என் பெயிண்ட் கடைக்கு வந்தார். கையில் செல்போன். அதில் நான் இரண்டு நாளைக்கு முன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த சமையலறைப் படம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவருடைய மகன் அதைத் தன் போனில் படமாகப் பிடித்து அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார்.

"இந்த வூடு எங்கீங்க இருக்குது? ஒருக்கா போய்ப் பாத்துட்டு வரச் சொல்லிப் பையன் சொன்னானுங்க. புடிச்சுதுன்னா இதே மாதிரி பண்ணிக்கலாங்க."

என்னிடம் பதில் இல்லை. அந்த வீடு மூலனூரில் இல்லை, தாராபுரத்தில் இல்லை, தமிழ்நாட்டிலேயே இல்லை. யாரோ எனக்கு அனுப்பியதை நான் எடுத்துப் போட்டுவிட்டேன். படத்தை மறுபடி பார்த்தபோதுதான் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருப்பது என் கண்ணில் பட்டது! "விசாரிச்சுச் சொல்றனுங்கம்மா" என்று சமாளித்தேன். அவர் சிரித்துக்கொண்டே போனார், மறுபடி வரவில்லை. சமையலறை, குளியலறை, வீடு முழுக்க டைல்ஸ் என்று நல்ல வேலை. அது வெளியூர் காண்ட்ராக்டர் ஒருவருக்குப் போயிற்று. சிமெண்ட், டைல்ஸ், பைப், பெயிண்ட் எல்லாம் அவர் ஊர்க் கடைகளிலிருந்து டெம்போவில் வந்து இறங்கின.

இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். ஏனென்றால் இந்தத் தவறை நான் ஒருவன் மட்டும் செய்யவில்லை. நம் பக்கத்து மேஸ்திரிகள், பெயிண்டர்கள், டைல்ஸ் பதிப்பவர்கள், பால் சீலிங் செய்பவர்கள் வைக்கும் படங்களில் பெரும்பாலானவை வேறு யாரோ செய்த வேலைகளே. ஒரே படத்தை மூன்று பேர் தம் வேலையென்று போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

மேஸ்திரி செய்யும் விளம்பரம் கடைக்காரருக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மேஸ்திரி எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்க் கடையில்தான் சரக்கு எடுப்பார் என்பது நமக்குத் தெரியாததல்ல. உள்ளூர் மேஸ்திரிக்கு ஒரு வேலை தவறினால் அன்றைக்கே ஐந்தாறு கடைகளில் பில் தவறுகிறது. புது வீடு கட்டுவோர் வருடத்தில் சிலர். ஓட்டு வீட்டை மாற்றுவோர், மொட்டை மாடி ஒழுகலை நிறுத்துவோர், குளியலறையை உடைத்துக் கட்டுவோர், கல்யாணத்துக்கு முன் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்போர்தான் நம் கடைகளுக்கு மாதா மாதம் சோறு போடுகிறவர்கள். மராமத்து வேலையைச் சில்லறை வேலை என்று இளக்காரமாக நினைத்த காலம் போய்விட்டது.

நிற்க. அந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்ற முடிவை இன்று எடுப்பவர் யார்? முன்பெல்லாம் வீட்டுப் பெரியவர் டீக்கடையில் நாலு பேரிடம் விசாரிப்பார். பக்கத்து வீட்டுச் சுவரைக் கட்டிய கொத்தனாரைக் கூப்பிடுவார். இன்று வீட்டில் இருப்பவர் பெரியவர். பணம் அனுப்புபவர் திருப்பூரிலோ கோவையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகன் அல்லது மகள். அவர்கள் டீக்கடைக்கு வருவதில்லை. வேலை முடிந்து இரவு படுக்கையில் போனைத் தள்ளிக்கொண்டே பார்க்கிறார்கள். பேஸ்புக்கில் பணம் கட்டி விளம்பரம் செய்த நண்பர் ஒருவர், மூலனூரைச் சுற்றி 20 கிலோமீட்டர் என்று எல்லை குறித்துவிட்டு, பலனே இல்லை என்று குறைப்பட்டார். முடிவெடுக்கும் மகன் அந்த எல்லைக்கு வெளியே அல்லவா இருக்கிறார்? திருப்பூரையும் சேர்த்துக் குறித்திருக்க வேண்டும்.

நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் பருத்தி வாங்க வரும் வியாபாரி மூட்டையின் மேலே இருப்பதைப் பார்த்து விலை எழுதுவதில்லை. கையை உள்ளே விட்டு ஒரு பிடி இழுத்துப் பார்த்த பிறகே எழுதுகிறார். மராமத்து வேலைக்கும் வாடிக்கையாளர் அப்படித்தான் கையை விட்டுப் பார்க்க நினைக்கிறார். முடிந்த வேலையின் பளபளப்புப் படம் மூட்டையின் மேல்வாய்ப் பருத்தி. உள்ளே இருப்பதைக் காட்டுகிறவர் யார்?

பழைய வீட்டு வேலையில் உடைத்துப் பார்க்கும் வரை உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. போர் தண்ணீரில் கட்டிய சுவர்களில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து கொட்டுகிறது. அதன்மேல் பட்டி வைத்து எமல்ஷன் அடித்துப் படமெடுத்தால் படம் அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் அடித்தது உரிந்து வரும். பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தார்களா, நல்ல தண்ணீரில் பூசினார்களா, காய விட்டார்களா என்பதே வேலை. மொட்டை மாடியிலும் அப்படித்தான். தட்டு ஓட்டைப் பெயர்த்த பிறகு விரிசலை எப்படி அடைத்தார்கள், வாட்டம் எந்தப் பக்கம் எடுத்தார்கள் என்பது மேலே ஓடு பதித்த பின் தெரியாது. ஆகவே படமெடுக்க வேண்டியது நடுவில். உடைப்பதற்கு முன் ஒன்று, உடைத்த பின் இரண்டு, பூச்சுக்கு முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியமான படம், ஐப்பசி கார்த்திகை மழை முடிந்த பிறகு அதே சுவரை, அதே இடத்தில் நின்று எடுத்த படம். இந்த ஒரு படத்தை வைக்கும் காண்ட்ராக்டரை நான் இதுவரை பார்க்கவில்லை. மழைக்குப் பிறகு எடுத்த ஒரு படம் ஆயிரம் லைக்குக்கு மேல் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது ரேட். ரேட்டை வெளியே போட்டால் போட்டியாளர் பத்து ரூபாய் குறைத்துப் போடுவார் என்று நம் மேஸ்திரிகள் பயப்படுகிறார்கள். போடட்டுமே. சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் போடாமல், கூலி மட்டுமா, சரக்கோடு சேர்த்தா, எந்தக் கம்பெனிச் சரக்கு, உடைத்த கட்டடக் கழிவை அகற்றும் செலவு யாருடையது, உடைத்த பிறகு கூடுதல் வேலை தெரிந்தால் எப்படிக் கணக்கு என்று எழுதினால், குறைத்துப் போடுபவரின் எஸ்டிமேட்டில் எது விடுபட்டிருக்கிறது என்பதை வாடிக்கையாளரே கண்டுபிடித்துவிடுவார். தேதியையும் எழுத வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் போட்ட எஸ்டிமேட் படத்தைக் காட்டி இப்போது வந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்; தேதி இல்லாததால் வீண் தகராறு.

பொய் விளம்பரத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 1993ல் செய்த திருத்தத்தின் மூலம் வீடு கட்டித் தருவதும் சேவையாகச் சேர்க்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. தவறான விளம்பரங்கள் மீது நடவடிக்கை எடுக்க அதன்கீழ் தனி ஆணையமே அமைந்திருக்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். மூலனூர் மேஸ்திரியைத் தேடி டில்லியிலிருந்து யாரும் வரப்போவதில்லைதான். ஆனால் அடுத்தவர் வேலையின் படத்தைக் காட்டி அட்வான்ஸ் வாங்கியவர் மீது வாடிக்கையாளர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால், போனில் இருக்கும் அந்தப் படமே சாட்சியாகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். வீட்டைக் காட்ட வேண்டும் என்று சொன்னேனே தவிர, விலாசத்தோடு ஊருக்கெல்லாம் காட்டச் சொல்லவில்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகிலும், 2025ல் சிவகிரி அருகிலும் தோட்டத்து வீட்டில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட கொடுமையை நாம் மறக்கவில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டின் பின்கதவு எங்கே, ஜன்னல் கம்பி எப்படி, பீரோ எந்த அறையில் என்பதை ரீல்ஸ் போட்டு உலகுக்கு அறிவிப்பது என்ன விளம்பரம்? ட்ரோன் வைத்து வீட்டைச் சுற்றிப் படமெடுத்துப் போடுகிறார்கள்! ஊர்ப் பெயர் மட்டும் போதும். கேட்டு வருபவரை, வீட்டுக்காரர் சம்மதித்தால், மேஸ்திரியே உடன் அழைத்துப் போய்க் காட்டட்டும். படமெடுக்கும் முன் வீட்டுக்காரரைக் கேட்பது மரியாதையும்கூட.

எந்தச் செயலியில் போடுவது என்பதைப் பற்றி இளைஞர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. டிக்டாக்கில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, 2020 ஜூன் 29 அன்று அரசு தடை அறிவித்ததும் எல்லாம் போயிற்று. 2021 அக்டோபர் 4 இரவு பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் ஒன்றாக நின்றன. மூன்றும் ஒரே கம்பெனியினுடையவை. எல்லாம் வாடகைக் கடை மாதிரிதான். வேலை செய்து கொடுத்த வீட்டுக்காரரின் பெயர், போன் நம்பர், என்ன வேலை, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவருக்கே கடை சொந்தம். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் அனுப்புவோர் பலருக்குத் தெரியாத இன்னொன்று: நம் நம்பரைத் தம் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். எனவே பில் போடும்போதே, "நம்பரைப் பதிஞ்சு வெச்சுக்கோங்க" என்று கேட்டுச் சொல்வது கூலியில்லாத விளம்பரம். கூகுள் மேப்பில் கடைப் பெயரைச் சேர்க்கவும் காசில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு தம்பதியர் தங்கள் பழைய வீட்டைப் புதுப்பிக்கப் புறப்பட்டு, சரியான ஆட்களும் மாதிரிகளும் கிடைக்காமல் திண்டாடினார்கள். அந்தத் திண்டாட்டத்தில் 2009ல் பிறந்ததுதான் ஹவ்ஸ் என்ற இணையதளம். இன்று வீட்டுப் புதுப்பிப்புத் துறையில் உலகெங்கும் அறிந்த பெயர். ஆரம்பத்தில் அதில் இருந்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள் படித்த பள்ளியின் பெற்றோர் சுமார் இருபது பேரும், சில ஆர்க்கிடெக்டுகளும்தான். நம் ஊரில் அந்த இருபது பேர் இல்லையா? பெங்களூரில் 2014ல் தொடங்கிய லிவ்ஸ்பேஸ், ஹோம்லேன் போன்ற பெரிய கம்பெனிகள் நம் ஓட்டு வீட்டு ஓதத்தைத் தேடி வரும் என்று நான் பயப்படவில்லை. என் பயமெல்லாம், நம் வேலையை நாமே காட்டாமல் இருந்துவிடுவோமோ என்பதுதான்.

நல்ல வேலைக்கு விளம்பரம் எதற்கு என்று நம் சங்கத்தின் மூத்தவர் ஒருவர், மே 5 வணிகர் தின மாநாட்டுக்குப் போகும் பஸ்ஸில் என்னிடம் கேட்டார். அவர் கடைக்கு மூன்று தலைமுறைப் பெயர் இருக்கிறது, அவர் கேட்கலாம். முப்பது வயதுக் கொத்தனாருக்கு அந்தப் பெயர் இல்லை. பகலெல்லாம் சாரத்தில் நிற்பவருக்குப் படமெடுத்துப் பதியவும் நேரமில்லை. இதைக் கடைக்காரர்கள் செய்து கொடுக்கலாம். சரக்கு இறக்கப் போகும் நம் பையனே நாலு படம் எடுத்து வரட்டும். கடையில் மேஸ்திரிவாரியாக ஒரு கோப்பு இருக்கட்டும். ஆனால் பெயிண்ட் டப்பா டோக்கனுக்கும் கமிஷனுக்கும் ஆசைப்பட்டு, வேலை தெரியாதவரை நம் கடைப் பெயரில் சிபாரிசு செய்யக் கூடாது. சுவர் பொரிந்தால் வீட்டுக்காரர் நம் கல்லாவுக்கு முன்னால்தான் வந்து நிற்பார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு மேஸ்திரிகளையும் அழைத்து இதைப் பேச வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என் ஸ்டேட்டஸில் இப்போது ஒரு குளியலறை இருக்கிறது. நம் ஊர் வீடு, நம் ஊர்க் கொத்தனார். உப்பேறிய சுவரைக் கொத்திப் போட்ட படம் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. என் மகளுக்கு அது பிடிக்கவில்லை. நான்கு பேர் விசாரித்தார்கள், இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்தார்கள், ஒருவர் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். மழை முடிந்ததும் அதே சுவரைப் படமெடுத்து வைப்பதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஓதம் தெரிந்தால் அதையும் மறைக்காமல் வைக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டிருக்கிறார்.