சட்டைப் பொத்தானை அவரே போடட்டும்



ஆராதனையில் எல்லாரும் கரங்களை உயர்த்தும்போது, இடது கையினால் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மூத்த சகோதரர் ஒருவரை உங்கள் சபையிலும் கண்டிருப்பீர்கள். பக்கவாதம் வந்து கால் ஓரளவு தேறிவிட்டது, கை தேறவில்லை. வீட்டில் மனைவி சோறு ஊட்டுகிறார், மகன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறான். அன்பினால்தான் செய்கிறார்கள். அந்த அன்பே கையை முடக்கிவிடலாம் என்பதைத்தான் இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

பக்கவாதத்தில் கெடுவது கையன்று. மூளையில் அந்தக் கையை ஆளுகிற பகுதி. சேதமடையாத பகுதிகள் அதன் வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளக்கூடும், ஆனால் வேலை கொடுத்தால்தான் கற்கும். முயன்று முயன்று தோற்றவரோ நல்ல கையையே பயன்படுத்தப் பழகி, மற்றதை மறந்தேவிடுகிறார். இதைக் கவனித்த அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் டாப், நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையினாலேயே வேலை செய்யவைக்கும் முறையை வகுத்தார். 222 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006-ல் வெளியாயிற்று. இரண்டு வாரம் இப்பயிற்சி பெற்றவர்களின் கை, ஓராண்டுக்குப் பின்னும் மற்றவர்களுடையதைவிட நன்றாக இயங்கியது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதாவது நிமிர்த்தக்கூடியவர்களுக்கே இது பொருந்தும்.

அசைவு மிகக் குறைவானவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி உண்டு. இதை உலகுக்கு அளித்தவர் நம்மவர்: 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன். கை இழந்தவர்களின் வலிக்காக அவர் கண்ட உபாயம், 1999-ல் பக்கவாத நோயாளிகள் 9 பேரிடம் சோதிக்கப்பட்டது. இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, பலவீனமான கையை அதன் பின்னே மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க வேண்டும். பிம்பத்தைக் கண்ட மூளை, விழுந்த கையே அசைவதாக எண்ணுகிறது. 2018-ல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதில் பயன் உண்டென்றே தெரிந்தது.

இவற்றைக் கற்றுத்தருகிறவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். உத்தியோகம் தேடித்தருகிறவர் என்று சிலர் எண்ணுகிறார்கள், அல்ல. உண்ணுதல், உடுத்துதல், குளித்தல் ஆகிய அன்றாட அலுவல்களே அவருடைய மருந்து. பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுத் துறையே இருக்கிறது. பயிற்சிக்குச் செல்வது அவிசுவாசம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு; பல்வலி வந்தால் அவர்களும் மருத்துவரிடம்தான் ஓடுகிறார்கள். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாயிருக்கும், ஆகையால் தாமதிக்காதீர்கள். ஆண்டுகள் கடந்துவிட்டன என்று கைவிடவும் வேண்டாம்.

வீட்டிலே பூண்டு உரிக்கட்டும், துண்டை மடிக்கட்டும், சப்பாத்தி மாவை இரு கைகளாலும் பிசையட்டும். படுக்கையிலிருந்து எழுப்பும்போது மட்டும் அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவித் தீராத வலியாகிவிடும். விரல்கள் இறுகி மடங்கியிருந்தால், பந்தைப் பிசையக் கொடுக்குமுன் தெரபிஸ்டிடம் கேளுங்கள்.

பொத்தான் போட அவருக்குப் பதினைந்து நிமிடம் ஆகலாம். ஞாயிறன்று பேருந்துக்கு நேரமாகிவிடும் என்றால், அரைமணி முன்னதாகவே சட்டையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.