மூடிய சுரங்கமும் அடங்காத நிலமும்

நிலநடுக்க அபாய வரைபடத்தில் கோலார் மாவட்டம் நெடுங்காலமாக இரண்டாம் மண்டலத்தில், அதாவது அபாயம் மிகக் குறைந்த பகுதியில் வைக்கப்பட்டு வந்துள்ளது. தில்லிக்கு இந்த வகைப்பாடு வசதியானது. ஆனால், தங்கவயலின் நிலத்தை அதிரவைப்பது மனிதன் தோண்டிய குழி. அதை இந்த வரைபடம் கணக்கில் கொள்வதில்லை.

1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப் பணி 120 ஆண்டுகள் நீடித்தது. 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் வெளியே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தையும் தாண்டியது. குடைந்த இடத்தின் மேற்சுமையை எஞ்சிய பாறைச் சுவர்களே தாங்க வேண்டும். தாங்க இயலாதபோது அவை திடீரென வெடித்துச் சிதறும். தொழிலாளர்கள் இதை 'ராக்பர்ஸ்ட்' என்பர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், இதற்கு உயிரைக் கொடுத்தனர். மேலே இருந்த வீடுகளும் விரிசல் கண்டன. இத்தகைய ஆபத்துகளை ஆராய 1988-ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே அமைந்தது. பிற்பாடு அதுவும் பெங்களூருக்குப் போய்விட்டது.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மத்திய அரசு மூடியது. நீர் இறைப்பது நின்றதும் ஆழ்மட்டங்கள் நீரில் மூழ்கத் தொடங்கின. பாறைப் பிளவுகளில் நீரின் அழுத்தம் ஏறினால் அவை எளிதில் நழுவும். மூடலுக்குப் பின்னரும் இங்கு அதிர்வுகள் பதிவானதாக ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். பெரும் பூகம்பத்தின் வலிமை இவற்றுக்கு இல்லை. எனினும், வீடுகளுக்கு நேர் கீழே எழுவதால் சிறிய அதிர்வும் பழைய சுவரைப் பிளக்கப் போதுமானது.

தென்னாப்பிரிக்கா இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2005 மார்ச்சில் ஸ்டில்ஃபோன்டைன் தங்கச் சுரங்கப் பகுதியில் 5.3 அளவு அதிர்வு ஏற்பட்டு இரு தொழிலாளர்கள் இறந்தனர். நகரிலும் கட்டடங்கள் சேதமடைந்தன. உடனே அந்நாட்டு அரசு நிபுணர் விசாரணை நடத்தியது. சுரங்கங்களை மூடிய பிறகும் சில காலம் அதிர்வுகள் தொடரலாம் என்று அக்குழு எச்சரித்தது.

வரைபடத்தை நம்பி இருந்துவிடலாம் என்போர் லாத்தூரை மறக்கக் கூடாது. அன்றைய பட்டியலில் அபாயமே இல்லாததுபோல் முதல் மண்டலத்தில் இருந்த கில்லாரியில், 1993 செப்டம்பர் 30 அதிகாலை, ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அந்த முதல் மண்டலமே நீக்கப்பட்டது 2002-ல்தான்.

தங்கவயல் தில்லியின் நினைவுக்கு வருவது பெரும்பாலும் தங்கத்தைப் பற்றிப் பேசும்போது மட்டுமே. சுரங்கக் கழிவு மண்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. அந்த வருவாயில் ஒரு பங்கை லைன் வீடுகளை ஆய்ந்து பலப்படுத்த ஒதுக்குவதை ஏல நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும். அதிர்வுப் பதிவுகளும் சுரங்க நீர்மட்டமும் மாதந்தோறும் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடப்பட வேண்டும். எந்தத் தெருவின் அடியில் எந்தச் சுரங்கம் ஓடுகிறது என்பதைக் காட்டும் வரைபடம், வீடு கட்ட அனுமதி தரும் நகராட்சி அதிகாரியின் மேசையில் இருக்க வேண்டும்.