அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர்

பத்திரிகை வேலையை விட்டுவிட்டுத் தன் ஊரைப் பற்றித் தானே எழுதத் தொடங்குகிறவரிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, “இப்ப எந்தப் பேப்பருங்க?” என்பதுதான். “எந்தப் பேப்பரும் இல்லை, நானே எழுதுறேன்” என்றால் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அப்படியானால் இவர் நிருபர்தானா? அலுவலகத்துக்குள் வந்து கேள்வி கேட்க இவருக்கு என்ன உரிமை இருக்கிறது? தாலுகா அலுவலக ஊழியர் முதல் உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் வரை பலருக்கும் இதில் குழப்பம் இருக்கிறது. அப்படி எழுதுகிறவருக்கே சில வேளை இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் போன்ற ஊருக்கு அப்படிப்பட்டவர் தேவைப்படுவதால், இதைத் தெளிவாகப் பேசிவிடுவது நல்லது.

உரிமையிலிருந்து தொடங்குவோம். நம் அரசியல் சட்டத்தில் பத்திரிகையாளருக்கென்று தனி உரிமை எதுவும் எழுதப்படவில்லை. 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தரும் பேச்சுரிமையைத்தான் பெரிய நாளிதழின் ஆசிரியரும் பயன்படுத்துகிறார். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அப்படித்தான். பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்தால் 30 நாளில் பதில் வர வேண்டும்; எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அதிகாரி கேட்க முடியாது. அடையாள அட்டை இருந்தால் செய்தியாளர் கூட்டத்தில் நாற்காலி கிடைக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் வழி விடுவார்கள். அது வசதி. அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர் இழப்பது அந்த வசதியைத்தான்.

ஆனால் வேறு சிலவற்றையும் அவர் இழக்கிறார், அவை சின்ன இழப்புகள் இல்லை. அனுப்பிய செய்தியில் ஒரு பெயர் தவறாக இருந்தால் கண்டுபிடிக்கும் உதவி ஆசிரியர் இனி இல்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தால் நிறுவனத்தின் வழக்கறிஞர் இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. அதுவும் வட்டார நிருபர்கள் பலருக்கு முன்பும் பெயரளவில்தான் இருந்தது, விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் வரும் கமிஷனில்தான் வண்டி ஓடியது. இத்தனையையும் விட்டுவிட்டு ஒருவர் ஏன் வெளியே வந்து எழுத வேண்டும்?

மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்தால் காரணம் புரியும். தேக்கப் பாத்தியில் நிற்கும் உப்புநீர் வெயிலில் காய்ந்து அடர்த்தி ஏற ஏற, அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றப்படுகிறது. கடைசிப் பாத்தியில் உப்பு உறைந்ததும் நீண்ட காம்புப் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். கோடையில் ஒரு மணி நேரம் பலத்த மழை பெய்தால் போதும். நல்ல தண்ணீர் கலந்து பாத்தி நீர் நீர்த்துப்போகும், உறைந்ததும் கரையும். வடித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நாளிதழில் இது “உப்பு உற்பத்தி பாதிப்பு” என்று ஒற்றைப் பத்திச் செய்தியாக வரும். இடம் அவ்வளவுதான்; அந்த நிருபர் மேல் குற்றம் இல்லை. ஆனால் அந்த மழையால் வாருகிறவர்களுக்கு எத்தனை நாள் கூலி போயிற்று, அந்த நாட்களில் கடன் யாரிடம் வாங்கினார்கள், வட்டி என்ன என்பதெல்லாம் அந்தப் பத்திக்குள் வராது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலையே கிடையாது. அந்தக் காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அறிவிப்பு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மரக்காணத்தில் எத்தனை குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பதிவு இல்லாத பெண் தொழிலாளர்கள் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று வருடா வருடம் கேட்க ஒரு ஆள் வேண்டும். எந்த அலுவலகத்தைக் கேட்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நிவாரணம் மாநில அரசுடையது. உப்பு ஆணையர் அலுவலகமோ மத்திய அரசுடையது, தலைமையிடம் ஜெய்ப்பூரில். தவறான இடத்துக்கு மனு போனால் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த விவரமெல்லாம் ஒரே ஊரில் ஊறிய ஒருவருக்குத்தான் கைவரும்.

கேமராக்கள் மரக்காணத்துக்கு வராமல் இல்லை. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது வந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் இந்தக் கடற்கரை செய்தியில் இருந்தது. வந்தவர்கள் அடுத்த சம்பவத்துக்குப் போய்விட்டார்கள். எக்கியார்குப்பம் சாவுகள் நடந்து ஓராண்டு கழித்து, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஊரோடு இருந்து மாதா மாதம் எழுதும் ஒருவர் அதைத் தடுத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. சரக்கு எப்படி வந்தது, வழக்கு எங்கே நிற்கிறது என்ற கேள்வியை அவர் ஆறவிட்டிருக்க மாட்டார். அந்த அளவுக்கு நிச்சயமாகச் சொல்லலாம்.

பத்திரிகையை விட்டு வந்து இப்படிச் செய்தவர்கள் நம்மிடையே உண்டு. கொழும்பில் டைம்ஸ் ஆஃப் சிலோனில் பணியாற்றிவிட்டுச் சென்னைக்கு வந்த எஸ்.முத்தையா, 1991இல் மெட்ராஸ் மியூசிங்ஸ் இதழைத் தொடங்கி, 2019இல் மறையும் வரை ஒரு நகரத்தையே எழுதினார். தி இந்துவிலிருந்து வெளியேறிய பி.சாய்நாத் 2014இல் பாரி என்ற கிராமப்புற ஆவணக் களஞ்சியத்தை உருவாக்கினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கை அதில் தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. தினமணி, விகடன், இந்து தமிழ் என்று பணிபுரிந்த சமஸ் 2021இல் அருஞ்சொல் இணைய இதழைத் தொடங்கினார்.

இவர்களுக்கு ஒரு நகரமோ ஒரு மொழியோ பின்னால் நின்றது. மரக்காணத்தில் எழுதுகிறவருக்குக் கைக்கெட்டும் விளம்பரதாரர் யார்? உப்பளக் குத்தகைதாரர், இறால் பண்ணைக்காரர், கிழக்குக் கடற்கரைச் சாலையின் சொகுசு விடுதி, பிறந்தநாள் வாழ்த்துப் போடும் கட்சிக்காரர். நாளை எழுத வேண்டியதும் இவர்களைப் பற்றித்தான். பக்கத்தில் இருக்கும் கழுவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் அது. அதன் ஓரத்து நிலத்தை வளைத்தவரின் விளம்பரத்தில் வாழ்கிறவர் அதைப் பற்றி எப்படி எழுதுவார்? இந்தத் தொழிலை உண்மையில் கொல்வது பணம் வரும் வழிதான் என்பது என் முடிவு. சிறு தொகையாகப் பல வாசகர்களிடம் வாங்குவதும், யார் கொடுத்தார்கள் என்று ஊரறியச் சொல்வதும்தான் இதற்கு நான் காணும் மாற்று.

சட்ட ஆபத்துக்குக் காகிதம்தான் துணை. அவதூறு, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் குற்றமாகவே தொடர்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பொது நன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை அவதூறாகாது என்ற விதிவிலக்கும் அதிலேயே இருக்கிறது. ஆட்டோ சங்கர் தன்வரலாறு தொடர்பான நக்கீரன் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான எல்லையைக் காட்டியது: பொது ஆவணத்தில் பதிவானதை வெளியிட்டால், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் பெயர் போன்ற சிலவற்றைத் தவிர, அந்தரங்க உரிமை மீறல் என்று பொதுவாகக் குறை சொல்ல முடியாது. ஆகவே கேள்விப்பட்டதை எழுதுவதற்கு முன் ஆவணத்தைக் கையில் வாங்குங்கள். சம்பந்தப்பட்டவரின் பதிலைக் கேட்டு, அதையும் சேர்த்துப் போடுங்கள். தவறு நேர்ந்தால் அதே இடத்தில் திருத்தம் போடுங்கள். உதவி ஆசிரியர் இல்லாத குறையை இந்தப் பழக்கம்தான் ஓரளவு ஈடுகட்டும்.

உயிராபத்தும் உண்டு. சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் சொந்தமாகச் செய்தி சேனல் நடத்திய முகேஷ் சந்திரகர், சாலைப் பணி ஊழலை வெளிக்கொண்டுவந்த பிறகு 2025 ஜனவரியில், ஒப்பந்ததாரர் ஒருவருக்குச் சொந்தமான இடத்தின் கழிவுநீர்த் தொட்டியில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். சிறு ஊரில் எழுதுகிறவரின் வீடு எல்லோருக்கும் தெரியும். ஆளோ அமைப்போ பின்னால் இல்லாதவருக்கு ஊர்தான் அரண்.

மரக்காணத்திலோ உங்கள் ஊரிலோ ஒருவர் இப்படி எழுதுகிறார் என்றால், எந்தப் பேப்பர் என்று கேட்காதீர்கள். எழுதியது சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் முதலில் அவரிடமே சொல்லுங்கள். முடிந்தால் மாதம் ஐம்பதோ நூறோ கொடுங்கள். அவரை யாராவது மிரட்டுவது தெரிந்தால், காவல் நிலையத்துக்கு அவரோடு நீங்களும் போங்கள்.