ஜப்பானுக்குப் போகும் மனைவிக்கும் வகுப்பு வேண்டும்

ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் சென்னை ஐடி நிறுவனங்கள் பல, புறப்படுவதற்கு முன் ஊழியருக்கு ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகின்றன. ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வு ஜூலை, டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை சென்னையிலேயே நடக்கிறது. அதில் என்3 நிலை தேறினால் அங்கே போய் வேலை பார்க்கும் ஆன்சைட் வாய்ப்பு கூடும். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டுவதிலிருந்து எவ்வளவு குனிந்து வணங்க வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். கூடவே போகும் மனைவிக்குக் கிடைப்பது ஒரு விமான டிக்கெட்டும் குடும்ப விசாவும்தான்.

இந்த ஏற்பாடு தவறு. டோக்கியோவின் எடோகாவா வார்டில் குடியிருந்து, புதிதாக வரும் தமிழ்ப் பெண்களோடு வார்டு அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் நடப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். அலுவலகத்தில் கணவருக்கு ஆங்கிலம் தெரிந்த ஒருவராவது அகப்படுவார். குப்பை எந்தக் கிழமை என்பதிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் என்ன சொல்வது என்பது வரை மற்ற எல்லாம் மனைவி தலையில்தான் விழுகிறது. ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் வந்து இறங்கியவள் தலையில்.

எங்கள் நிஷி கசாய் பகுதியில் இந்தியர்கள் திரளாகக் குடியேறத் தொடங்கியது 2000ஆம் ஆண்டை ஒட்டி, ஒய்2கே என்ற கணினி ஆண்டுப் பிழையைச் சரிசெய்யும் வேலைக்காக. இங்கிருந்து தோசாய் ரயிலில் ஏறினால் நேரே அலுவலகங்கள் நிறைந்த ஓதேமாச்சி. அதைவிடப் பெரிய காரணம், யுஆர் என்ற அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகள். தனியார் வீட்டுக்குப் போனால் ஜாமீன் கேட்பார்கள், வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் திரும்பி வராத ‘ரெய்கின்’ பணம் கேட்பார்கள். வெளிநாட்டவர் என்றாலே கதவைச் சாத்துபவர்களும் உண்டு. ஜப்பானின் நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் பத்துக்கு நான்கு பேர் அந்தக் காரணத்துக்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். யுஆர் வீட்டுக்கு ஜாமீனும் ரெய்கினும் தேவையில்லை. அதனால் ஒரே கட்டடத்தில் நாலு மாடிக்கு ஒரு தமிழ்க் குடும்பம். கறிவேப்பிலையும் உளுந்தும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கின்றன. பொங்கலுக்குச் சேர்ந்து சமைக்கிறோம். இந்த நிழலில் ஒரு பெண் ஜப்பானிய மொழி தெரியாமலேயே வருடக்கணக்கில் இருந்துவிட முடியும். பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும் வரை.

இங்குள்ள இந்தியப் பள்ளிகளின் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. வார்டின் தொடக்கப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. ஏப்ரலில் சேர்க்கை நடக்கும்போது கணக்குப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வரும். உள்ளே எண்ணும் குச்சிகள், விரல்நக அளவு வில்லைகள், பொம்மைக் கடிகாரம், அட்டைகள். ஒவ்வொரு குச்சியிலும் ஒவ்வொரு வில்லையிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். ஜப்பானியத் தாய்மார்களும் இரவு கண் விழித்து இடுக்கியால் துணுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அந்த ஸ்டிக்கர் எங்கே கிடைக்கும், எப்படி ஆர்டர் செய்வது என்று மற்றத் தாய்மார்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் நம் பெண் ஓரமாக நிற்கிறாள். பிறகு காகிதங்கள் வரத் தொடங்கும். நாளைக்குப் பால் அட்டைப்பெட்டி கொண்டு வரவும், வெள்ளிக்கிழமை பள்ளிக்குள் போடும் உள்காலணியைத் துவைக்க வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம், பெற்றோர் கூட்டத்துக்கு வருவீர்களா, வட்டமிடவும். “அக்கா, ஸ்கூல்ல இருந்து ஒரு பேப்பர் வந்திருக்கு, கொஞ்சம் பார்க்கிறீங்களா?” என்று என் கதவைத் தட்டாத வாரம் இல்லை. போனைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும்தான். ஆனால் மதிய உணவுப் பட்டியலை வைத்துக்கொண்டு பள்ளியின் ஊட்டச்சத்து அலுவலரோடு உட்கார்ந்து, எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம், மிசோ சூப்பில் மீன் சாறு இருக்கிறதா, அன்றைக்கு மட்டும் வீட்டிலிருந்து டப்பா கொடுத்தனுப்பலாமா என்று மரியாதை குறையாமல் பேசி முடிப்பதற்கு ஒரு தாய்க்குச் சொந்த வாய் வேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜப்பானில் கல்வி கட்டாயம் இல்லை. பெற்றோர் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். 2019இல் அரசு முதன்முறையாக நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, சுமார் 20,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கே போகாமல் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. தாயின் மொழி இந்த விஷயத்தில் எவ்வளவு கனமானது என்பதை அந்த எண் எனக்குச் சொல்கிறது.

உயிர் விஷயத்துக்கு வருகிறேன். எடோகாவாவின் நிலத்தில் பெரும்பகுதி, உயர் ஓதத்தின்போது உள்ள கடல் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்தது. 2019 அக்டோபர் 12 அன்று ஹகிபிஸ் புயல் வந்தபோது வார்டின் மேற்குப் பகுதியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேறச் சொன்னார்கள். ரயில்களை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். போன்கள் அலறின. திரை முழுக்க ஜப்பானியரின் கான்ஜி எழுத்து. எதிர்வீட்டுப் பாட்டி எங்கள் கதவைத் தட்டி, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: ஆறு ஏறுகிறது, பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, தண்ணீரும் போர்வையும் எடுத்துக்கொள், போகலாம். வார்டின் தன்னார்வலர் வகுப்பில் நான் படித்த ஜப்பானிய மொழி அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் பயன்பட்டது. கீழ் மாடியில் கைக்குழந்தையோடு ஒரு தமிழ்ப் பெண், கணவர் ஒசாகாவில். அலறும் போனை அணைத்து வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். பாட்டி தட்டியிராவிட்டால், அல்லது பாட்டி சொன்னது எனக்குப் புரிந்திராவிட்டால் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

ஜப்பான் தன் பங்குக்கு ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறது. 1995 கோபே நிலநடுக்கத்தில் அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர்கள் தவித்த பிறகுதான் ‘யசாஷீ நிஹோங்கோ’ என்ற எளிய ஜப்பானிய மொழி உருவானது. இப்போது வார்டு அலுவலகங்கள் பலவும் அதில் அறிவிப்பு எழுதுகின்றன. தன்னார்வலர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் வகுப்பு எடுக்கிறார்கள். அங்கே இடம் இருக்கிறது. கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் நம் பெண்கள் வீட்டோடு இருக்கிறார்கள். ஊரில் ஆசிரியையாக, கணக்காளராக இருந்தவர்கள். அனுமதி வாங்கினால் குடும்ப விசாவிலேயே வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அதற்கும் மொழிதான் முதல் தடை.

எனவே நிறுவனங்களிடம் கேட்கிறேன்: ஊழியருக்கு நடத்தும் வகுப்பில் அவர் மனைவிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். பள்ளிக் காகிதத்தையும் 119 ஆம்புலன்ஸ் அழைப்பையும் பாடத்தில் சேருங்கள். வந்து இறங்கிய முதல் வருடமாவது சனிக்கிழமை காலையில் வேலை வைக்காதீர்கள், வகுப்பு நேரத்தில் கணவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடப்போகும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்வேன். அலவன்ஸ் எவ்வளவு என்று பேசும் அதே மேசையில் உங்கள் மனைவியின் வகுப்பையும் பேசுங்கள். வாய்மொழியாக ஒப்புக்கொண்டால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.