போடியிலிருந்து லண்டன் போறவங்க தேடும் கல்லறை: பென்னிகுயிக் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்?

வியட்நாம் போனால் ஹோ சி மின் நினைவிடம், துருக்கி போனால் அட்டாதுர்க் நினைவிடம் என டூர் பட்டியலிலேயே இருக்கும். போடி, கம்பம் பக்கத்திலிருந்து இங்கிலாந்து போறவங்க விசாரிப்பது ஜான் பென்னிகுயிக் கல்லறையை!

எங்கே இருக்கு?

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே பகுதியின் ஃப்ரிம்லி ஊரில், புனித பீட்டர் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில். 1911 மார்ச் 9-ல் மறைந்தார். மண்டபமோ காவலர் அணிவகுப்போ கிடையாது. பக்கத்து ஊரான கேம்பர்லியில் 2022-ல் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது.

ஏன் இவ்வளவு மரியாதை?

அரபிக்கடலுக்குப் போன பெரியாற்றுத் தண்ணீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று தேனி, மதுரை உட்பட 5 மாவட்டங்கள் பயன்பெறுகின்றன. 18-ம் கால்வாய் வழியாக போடி பக்கக் கண்மாய்களுக்கும் இந்தத் தண்ணீர்தான்.

சொத்தை விற்று கட்டினாரா?

ஊரெல்லாம் சொல்லும் கதை இது. ஆதாரம் பற்றி விவாதம் உண்டு. அணை, சென்னை மாகாண அரசின் திட்டம்.

இன்றைய அரசியல் என்ன?

ஏலத்தோட்டங்கள் நிறைந்த மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் அணை, தண்ணீர் தமிழ்நாட்டுக்கு. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்க அனுமதித்தது. கேரளா புது அணை கேட்கிறது. அதனால் இங்கே பென்னிகுயிக் பெயரைச் சொல்வது, நன்றி மட்டுமல்ல. தண்ணீர் உரிமையைச் சொல்வதும்தான்.

லண்டன் போக முடியலையா? லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கு. அவர் பிறந்தநாளான ஜனவரி 15-ல் அங்கே பொங்கல் வைப்பாங்க.